தன் காலில் நிற்றல்

பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளை கல்லூரிக்குப் புறப்படும் நாள், எந்த வீட்டிலும் ஒரு சிறு திருநாளைப் போன்றது. முதல் நாளே பெட்டி கட்டியாகிவிடும். தாய் முறுக்கும் புளிக்காய்ச்சலும் செய்து டப்பாவில் அடைத்து வைப்பாள். தந்தை பேருந்து புறப்படும் நேரத்தை நான்கு பேரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வார். பாட்டி நெற்றியில் திருநீறு பூசி, முந்தானையில் முடிந்து வைத்திருந்த காசை அவிழ்த்துக் கையில் திணிப்பாள். ஊர் எல்லை கடக்கும் வரையில் எல்லாம் இனிதாகவே இருக்கும். அதன் பிறகுதான், 17 ஆண்டுகளாக நமக்காகப் பிறர் செய்துவந்த வேலைகள் எத்தனை என்பது மெல்ல மெல்லத் தெரியவரும். விடியலில் நம்மை எழுப்பியவர் யார்? அழுக்குத் துணியை எடுத்துத் துவைத்தவர் யார்? அறுந்த பொத்தானைத் தைத்தவர் யார்? கையிலுள்ள பணம் மாதக் கடைசி வரையில் வருமா என்று இரவெல்லாம் எண்ணிப் பார்த்தவர் யார்?

இவ்வேலைகளை நாமே ஏற்றுக்கொள்வதைத்தான் தன் காலில் நிற்றல் என்று சொல்லுகிறோம். சிலர் இதனை வேறு வகையாகக் கொள்வர். விரும்பிய நேரத்தில் உறங்கி விரும்பிய நேரத்தில் எழுதலும், பெற்றோரைக் கேளாமல் பொருள்களை வாங்குதலும், எவர்க்கும் விடை சொல்லாதிருத்தலுமே விடுதலை என எண்ணுவார் உளர். அவிழ்த்துவிட்ட கன்றும் அவ்வாறே துள்ளுகிறது. ஆனால், மாலையில் அதற்கு வைக்கோல் பிடுங்கிப் போடுபவர் வேறொருவர். இந்த வேறுபாட்டை எனக்குக் கற்பித்தது ஒரு பித்தளை அண்டா.

1975-ஆம் ஆண்டில், காவிரிக் கரையில் உள்ள ஓர் ஊரில் புலவர் வகுப்பில் சேர்ந்தேன். என் தந்தையார் ஆறு மா நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். திங்கள்தோறும் முதல் வாரத்தில் எனக்கு 80 ரூபாய் பணவிடையாக வரும். விடுதி உணவுக்குக் கட்டியது போக ஏறத்தாழ 20 ரூபாய் மிஞ்சும். சிக்கனமாக இருப்பவனுக்கு அது போதும். நான் அவ்வாறு இருக்கவில்லை. தேநீர்க் கடை, திரைப்படம், நண்பர்க்குச் சிற்றுண்டி என்று 15-ஆம் நாளுக்குள் பை ஒழிந்துவிடும். "நூல்கள் வாங்க வேண்டியிருக்கிறது, 30 ரூபாய் அனுப்புக" என்று தந்தையார்க்கு எழுதினேன். ஒரு கேள்வியுமின்றிப் பணம் வந்தது. மறு திங்களும் எழுதினேன், மறுபடியும் வந்தது.

தீபாவளி விடுமுறைக்கு ஊர் சென்றேன். சமையலறை மூலையில், என் தாயார் திருமணச் சீராகக் கொண்டுவந்த அண்டா இருந்த இடம் வெறுமையாக இருந்தது. கேட்டேன். "ஈயம் பூசக் கொடுத்திருக்கிறது" என்றார் தாயார். அருகில் நின்ற தங்கைக்கு எட்டு வயது. பொய் சொல்லும் பழக்கம் இன்னும் வரவில்லை. "இல்லை அண்ணா, அது அடகுக் கடையில் இருக்கிறது" என்றாள். தாயார் அவளை அதட்டிவிட்டு அடுப்படிக்குள் சென்றுவிட்டார். அந்த 60 ரூபாயில் நான் ஒரு நூலும் வாங்கியிருக்கவில்லை.

விடுதிக்குத் திரும்பிய பின், நூலகத்தில் காந்தியடிகளின் தன்வரலாற்றை எடுத்துப் படித்தேன். அதற்கு முன்பும் அவரைப் பற்றிப் பாடங்கள் படித்தவனே. எனினும் உப்பும் கைராட்டையுமே நினைவில் நின்றிருந்தன. இம்முறை வேறொருவரைக் கண்டேன். தமையன் அனுப்பும் பணத்தில் அயல்நாட்டில் படிக்க வந்து, அங்குள்ள பகட்டைக் கண்டு மயங்கி, பின்னர்த் தாமே தெளிந்த ஒரு மாணவரைக் கண்டேன். அவருடைய மாணவப் பருவத்தை ஈண்டுச் சற்று விரிவாகக் கூறுவது பொருந்தும்.

1888-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் காந்தியடிகள் பவநகரில் இருந்த சாமள்தாசுக் கல்லூரியில் சேர்ந்தார். ஆசிரியர்கள் நடத்திய பாடம் அவர்க்கு ஒன்றும் விளங்கவில்லை; முதற் பருவம் முடிந்ததும் வீடு திரும்பிவிட்டார். பின்பு, சட்டம் பயில இங்கிலாந்து செல்லலாம் என்று குடும்ப நண்பர் ஒருவர் கூறினார். தமையனார் பணத்திற்குப் பொறுப்பேற்றார். மது, புலால், மாதர் தொடர்பு ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்று தாயார் முன்னிலையில் உறுதி கூறிவிட்டு, அவ்வாண்டு செப்டம்பர்த் திங்கள் 4-ஆம் நாள் பம்பாயில் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு 19 வயதுகூட நிரம்பவில்லை.

கப்பலில் அவர் பட்ட பாடு நகைப்பையும் இரக்கத்தையும் ஒருங்கே தரும். முள்ளும் கத்தியும் கொண்டு உண்ணத் தெரியாது. எந்த உணவில் இறைச்சி கலவாதிருக்கிறது என்று கேட்கவும் கூச்சம். ஆகவே, உணவு மேசைக்கே போகாமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையுமே பெரும்பாலும் தின்றுகொண்டு தம் அறையில் கிடந்தார். இலண்டனில் அவர் முதலில் தங்கிய விடுதி பெருஞ்செலவுடையது. அவர் கொடுக்க நேர்ந்த தொகை ஏறத்தாழ 3 பவுண்டு. இரவுகளில் வீட்டை நினைத்து அழுதார். இவற்றையெல்லாம் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

பின்னர், ஆங்கிலக் கனவானைப் போல் ஆகவேண்டும் என்னும் விருப்பம் அவரைப் பற்றியது. அக்காலத்து நாணய முறையை இங்கே தெரிந்துகொள்ளுதல் நலம். 12 பென்னி ஒரு ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. பென்னியில் கால் பங்கு ஒரு பார்த்திங். அவர் 19 ஷில்லிங்குக்கு உயர்ந்த தொப்பி ஒன்று வாங்கினார். செல்வர் வாழும் தெருவிலே 10 பவுண்டு செலவில் மாலை உடை தைத்துக்கொண்டார். பொன்னாலான இரட்டைக் கடிகாரச் சங்கிலி அனுப்புமாறு தமையனாரைக் கேட்டுப் பெற்றார். நடனம் பயில 3 பவுண்டு. பிடில் வாங்க 3 பவுண்டு. மேடைப்பேச்சுக் கற்பிப்பவர்க்குத் தனிக் கட்டணம். நாள்தோறும் பெரிய கண்ணாடியின் முன் பத்து நிமிடம் நின்று டை கட்டுவதிலும் தலை வாருவதிலும் கழித்தார். நடன வகுப்பிலோ, பியானோ இசைக்கு ஏற்பக் காலை எடுத்து வைக்க அவரால் இறுதி வரையில் இயலவில்லை.

இம்மயக்கம் ஏறத்தாழ மூன்று திங்கள் நீடித்தது. தாம் வந்தது படிக்கவே, இங்கிலாந்தில் வாழ்நாளைக் கழிக்க அன்று என்னும் எண்ணம் ஒருநாள் எழுந்தது. மேடைப்பேச்சு ஆசிரியர்க்கும் நடன ஆசிரியர்க்கும் நின்றுவிடுவதாகக் கடிதம் எழுதினார். பிடில் கற்பித்த அம்மையாரிடம் நேரிலேயே சென்று, வந்த விலைக்கு அதனை விற்றுத் தருமாறு வேண்டிக்கொண்டார். இதில் என் உள்ளத்தைத் தொட்டது ஒரு சிறு செய்தி. பகட்டில் மூழ்கியிருந்த அந்நாளிலும் அவர் ஒரு பழக்கத்தைக் கைவிடவில்லை. வண்டிக் கட்டணம், அஞ்சல் தலை, செய்தித்தாளுக்குக் கொடுத்த சில்லறை என ஒரு பார்த்திங்கும் விடாமல் எழுதி, இரவு படுக்கு முன் கணக்கை நேர் செய்துவிடுவார். அக்கணக்கே அவருக்குத் தம் வாழ்க்கையைக் காட்டிக்கொடுத்தது. இடர்ப்பட்டுப் பணம் அனுப்பும் தமையனாரின் முகமும் அந்த எண்களுக்கிடையே தெரிந்தது போலும். அந்நினைவு தம்மை மிகவும் வருத்தியதாக அவர் குறிப்பிடுகிறார்.

அதன் பின் அவர் செய்த மாறுதல்களைக் கவனியுங்கள். அதுவரை ஒரு குடும்பத்தாருடன் தங்கி, வாரந்தோறும் பணம் கொடுத்து வந்தார். அவர்களை வெளியே விருந்துக்கு அழைத்துச் செல்லும் செலவும் வண்டிச் செலவும் அதனுடன் சேர்ந்திருந்தன. அதனை விட்டு, வேலையுள்ள இடங்களுக்கு அரைமணி நேரத்தில் நடந்து செல்லத்தக்க இடமாகப் பார்த்துத் தனியாக இரண்டு அறைகள் எடுத்துக்கொண்டார். வண்டிச் செலவு நின்றது. நாளுக்கு எட்டு, பத்து மைல் நடந்ததனால் உடலும் உறுதி பெற்றது. பிறகு, தம்மைவிட எளியராய், வாரம் 2 ஷில்லிங் வாடகையில் குடியிருந்து, ரொட்டியும் கொக்கோவும் உண்டு படித்த மாணவர் ஒருவரைப் பற்றி அறிந்தார். உடனே இரண்டு அறைகளை ஒன்றாக்கி, ஓர் அடுப்பு வாங்கிக் காலை உணவைத் தாமே சமைக்கலானார். ஓட்ஸ் கஞ்சி காய்ச்சி, கொக்கோவுக்கு நீர் கொதிக்க வைப்பதற்கு 20 நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. நண்பகல் உணவு வெளியே. இரவு ரொட்டியும் கொக்கோவும். இவ்வாறு உணவுச் செலவு நாளொன்றுக்கு 1 ஷில்லிங் 3 பென்னியில் அடங்கியது. வாழ்க்கை வறண்டுபோகவில்லை, முன்னிலும் மகிழ்ச்சி மிகுந்தது என்றே அவர் எழுதுகிறார்.

செலவைக் குறைத்ததோடு அவர் நிற்கவில்லை. வழக்கறிஞர் தேர்வுகள் அந்நாளில் எளியன. உரோமானியச் சட்டத் தேர்வுக்குக் குறிப்புகளை இரண்டு வாரம் புரட்டிவிட்டுத் தேறியவர்களும் இருந்தனர். அவரோ மூலநூல்களையே விலை கொடுத்து வாங்கினார். உரோமானியச் சட்டத்தை இலத்தீன் மொழியிலேயே படித்தார். இலண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வில் முதன்முறை இலத்தீனில்தான் தோற்றார் என்பதையும் மறக்கலாகாது. மீண்டும் முயன்று தேறிய மொழி அது. பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் தொழில் செய்தபோது, அந்நாட்டுச் சட்டத்தை விளங்கிக்கொள்ள அப்படிப்பு உதவிற்று. பிறர் தயாரித்த வினாவிடைக் குறிப்பையே நம்பி ஆண்டுகளைக் கழிப்பவன், உணவுச் செலவில் எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும், அறிவுத் துறையில் பிறர் தோளில் ஏறிச் செல்பவனே ஆவான்.

ஆயினும், கணக்கு எழுதுபவனுக்கு உலகில் எல்லாம் கைவந்துவிடும் என்று எண்ண வேண்டா. 1891-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் வழக்கறிஞரான காந்தியடிகள், 12-ஆம் நாள் தாயகத்திற்குக் கப்பல் ஏறினார். தாயாரைக் காண ஆவலுடன் வந்தவர்க்கு, அவர் முன்னரே மறைந்துவிட்ட செய்தி பம்பாயிலேதான் சொல்லப்பட்டது. அயல்நாட்டில் தனித்திருப்பவன் துயரம் தாங்கமாட்டான் என்று தமையனார் மறைத்து வைத்திருந்தார். பம்பாயில் ஏற்ற முதல் வழக்கிலோ, குறுக்கு விசாரணைக்கு எழுந்து நின்றவர்க்கு ஒரு வினாவும் தோன்றவில்லை. பெற்ற 30 ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டு வெளியேறினார். தன் காலில் நிற்கக் கற்றவனும் இடறுவான். அதற்கு அஞ்சி நடக்காதிருப்பவரைத்தான் நாம் குறை கூறவேண்டும்.

கணக்கைப் பற்றிச் சொல்லும்போது திருவள்ளுவர் நினைவுக்கு வருகிறார். வலியறிதல் என்னும் அதிகாரத்தில் தன் வலியும் மாற்றான் வலியும் ஆராயவேண்டும் என்று அரசனுக்குக் கூறிவரும் அவர், அதே அதிகாரத்தின் இறுதியில் வரவையும் செலவையும் பற்றிப் பேசுகின்றார். படையைப் பற்றிய இடத்தில் பணப்பையைப் பற்றிய பேச்சு எதற்கு என்று நான் மாணவனாய் இருந்தபோது வியந்ததுண்டு. செலவின் அளவு அறியாதவனுக்குத் தன் வலிமையின் அளவும் தெரியாது என்பதனாலேயே அவர் அங்கு வைத்தார் என்பது என் கருத்து.

கணக்கு எழுதுவது கடினமான கலை அன்று. ஒரு சிறு குறிப்பேடு போதும். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. நாள்தோறும் இரவில் ஐந்து நிமிடம். திங்கள் இறுதியில் விடுதி, உணவு, நூல், பயணம், மற்றவை என்று பிரித்துக் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் "மற்றவை" என்னும் வரியில்தான் கள்வன் ஒளிந்திருப்பான். இக்காலத்தில் இது முன்னிலும் இன்றியமையாதது. நாங்கள் ஐந்து ரூபாய்த் தாளைக் கையால் எடுத்துக் கொடுத்தோம். தாள் குறைவது கண்ணுக்குத் தெரிந்தது. 2016-ஆம் ஆண்டில் யூபிஐ என்னும் முறை வந்தபின், கைப்பேசியைக் காட்டினாலே பணம் போய்விடுகிறது. போவது கண்ணிலும் படாது, கையிலும் உறைக்காது. கைப்பேசியே எல்லாவற்றையும் குறித்து வைக்கிறதே என்பீர்கள். உண்மைதான், ஆனால், இயந்திரம் எழுதியதை நாம் படிப்பதில்லை. நம் கையால் எழுதும்போதுதான் "இது தேவைதானா?" என்று மனம் ஒரு கணம் நிற்கிறது.

மற்றொன்று. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டத்தை 2022-ஆம் ஆண்டிலும், மாணவர்க்கு அவ்வாறே வழங்கும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தை 2024-ஆம் ஆண்டிலும் தமிழக அரசு தொடங்கியது. அத்தொகை மாணாக்கரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்பட்டது. தம் பெயரில் வந்த முதற் பணத்தைச் சிலர் கல்விக் கட்டணத்துக்கும் நூலுக்கும் ஆக்கியதையும், வேறு சிலர் அதே நாளில் வேறு வழியில் கரைத்ததையும் நான் கண்டிருக்கிறேன். தொகை ஒன்றே.

சமையல், துவையல், தையல் ஆகியவற்றை நீட்டித்துச் சொல்ல வேண்டியதில்லை. பெண்மக்களை நம் வீடுகள் இவற்றில் சிறு வயது முதலே பழக்கிவிடுகின்றன, ஆண்மக்களைப் பழக்குவதில்லை. இது பெற்றோர் இழைக்கும் தீங்கு என்றே சொல்வேன். சோறு வடிக்கத் தெரியாத இளைஞன் பசிக்கும்போதெல்லாம் கடையைத்தான் நோக்குவான். தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞரான பின், காந்தியடிகள் சலவைச் செலவைக் குறைக்கத் தம் சட்டைக் காலரைத் தாமே துவைக்கத் தொடங்கினார். முதல் நாள் கஞ்சி மிகுந்துவிட்டது. பெட்டியிலும் சூடு போதவில்லை. நீதிமன்றத்தில் அவர் கழுத்திலிருந்து கஞ்சி உதிர, உடனிருந்த வழக்கறிஞர்கள் சிரித்தனர். அவரும் சிரித்துக்கொண்டே, இதுவே தம் முதல் முயற்சி என்றார்.

நீங்கள் இவற்றைக் கல்லூரி சேரும் வரையில் தள்ளிப்போட வேண்டா. உண்ட தட்டைக் கழுவுங்கள். வங்கிக்குத் தந்தையுடன் சென்று, பணம் எடுக்கும் சீட்டை உங்கள் கையால் நிரப்புங்கள். சந்தைக்குச் சென்று ஒரு வாரக் காய்கறியை வாங்கி வாருங்கள். ஏமாந்து வந்தாலும் கெடுதல் இல்லை. பத்து ரூபாயோடு அந்தப் பாடம் முடியும்.

ஒரு செய்தியை மட்டும் அழுத்திக் கூற விரும்புகிறேன். உதவி கேளாமையைத் தன் காலில் நிற்றல் என மயங்கிவிடக் கூடாது. இலண்டனில் தங்கிய வீட்டில், இரண்டு மூன்று ரொட்டித் துண்டுக்கு மேல் கேட்க நாணிக் காந்தியடிகள் பசியோடு எழுந்த நாள்கள் உண்டு. அது அவருடைய கூச்சம். அதனைப் பெருமையாக அவர் எங்கும் சொல்லவில்லை. நான் ஆசிரியனாக இருந்த கல்லூரியில் ஒரு மாணவன், வெளியூரிலிருந்து வந்தவன், நான்கு நாளாக வகுப்புக்கு வரவில்லை. அறைக்குச் சென்று பார்த்தேன். மஞ்சட்காமாலையால் கண்கள் மஞ்சளித்துப் போர்வைக்குள் கிடந்தான். "ஏன் அப்பா, யாரிடமும் சொல்லவில்லை?" என்றேன். "நானே சமாளித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன், ஐயா" என்றான். அரசு மருத்துவமனையில் பன்னிரண்டு நாள் இருந்து பிழைத்தான். இன்னும் இரண்டு நாள் கழித்து வந்திருந்தால் நிலைமை வேறு என்று மருத்துவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். நோய் வந்தால் விடுதிக் காப்பாளரிடம் கூறுவதும், பாடம் விளங்காவிட்டால் ஆசிரியரை மீண்டும் கேட்பதும், பணம் உண்மையாகவே போதாதபோது பெற்றோர்க்கு உள்ளதை உள்ளவாறே எழுதுவதும் நம் காலில் நிற்பதன் பகுதிகளே. பொய்க் காரணம் காட்டிக் கேட்ட 30 ரூபாய்தான் என்னைத் தலைகுனிய வைத்தது, கேட்டது அன்று.

அவ்வாண்டு தை முதல் நானும் ஒரு குறிப்பேட்டில் கணக்கு எழுதி வந்தேன். மாலை வேளைகளில் இரண்டு சிறுவர்க்குப் பாடம் சொல்லிக்கொடுத்துத் திங்களுக்கு 15 ரூபாய் பெற்றேன். கோடை விடுமுறையில் குறிப்பேட்டைத் தந்தையாரிடம் கொடுத்தேன். அவர்க்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்கத் தெரியும். தங்கையை அழைத்துப் படிக்கச் சொன்னார். பல்பொடி 20 காசு, அஞ்சல் அட்டை, விளக்கெண்ணெய், நன்னூல் உரை என்று அவள் உரக்கப் படித்துக்கொண்டே போனாள். திண்ணையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த தந்தையார், புரட்டாசி, ஐப்பசித் திங்களுக்குரிய பக்கங்களைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் அவை அதில் இல்லை.

மறு ஆண்டு பொங்கலுக்கு முன், சேர்த்து வைத்த பணத்துடன் நானும் அவரும் அடகுக் கடைக்குச் சென்றோம். அண்டாவைத் தலையில் சுமந்து வந்தவன் நான். விளிம்பில் ஒரு நசுங்கல் புதிதாக ஏற்பட்டிருந்தது. தாயார் அதனைக் கையால் தடவிப் பார்த்தார். புளி போட்டுத் துலக்கி, பழைய இடத்திலேயே வைத்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.